மூன்று கம்பி வாக்குமூலம்

வாய் திறக்காத பெட்டிகளிடம் வாக்குமூலம் வாங்குவது என் தொழில்.

விளக்கிச் சொல்லிவிடுகிறேன். கடையில் டோக்கன் நம்பர் காட்டும் டிவி, தையல் கம்பெனியில் அன்றைய ஆர்டரைக் காட்டும் திரை, மில்லில் உற்பத்தியை எண்ணிக் காட்டும் பெட்டி, இவற்றில் பலவற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரே பலகையில் ஒரு முழுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். அது படுத்துவிட்டால் திரை கறுப்பாகிவிடும். சொந்தக்காரர் தட்டிப் பார்ப்பார், பிடுங்கிச் சொருகிப் பார்ப்பார், பிறகு எனக்குப் போன் போடுவார். திரை கறுத்தாலும் பலகை பேசிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பலகையின் ஓரத்தில் ஊசி ஊசியாக மூன்று பின்கள் இருக்கும். அதில் சீரியல் கேபிளைச் சொருகி மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினால், கரண்ட் வந்த நொடியிலிருந்து தான் என்ன செய்தேன், எங்கே இடறினேன் என்று வரிவரியாக எழுதிக் காட்டும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

என் பெயர் ஸ்டெல்லா. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடை. இன்வெர்ட்டர் பார்க்கிறவர்கள், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள், போர்வெல் மோட்டார் தூக்குகிறவர்கள், ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு’ என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அடுத்தவர் செய்த பெட்டியை நான் ரிப்பேர் பார்த்த கதை. ஒரு நூல் மில்லில் மட்டும் முப்பத்தாறு பெட்டிகளை நானே செய்து, நானே மாட்டினேன். அவை நின்றபோது என் பெயரும் சேர்ந்து நின்றது. அதில் தோற்றிருந்தால் கடையைப் பூட்டிவிட்டு, என் சித்தப்பா மகன் செல்போன் கடையில் உடைந்த டிஸ்ப்ளே மாற்றப் போக வேண்டியதுதான். அந்தக் கதைக்கு வரும் முன், இந்த மூன்று கம்பிகளோடு உங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பால்கோவா மாஸ்டரின் யோசனை

கடை போட்ட புதிதில் வந்த முதல் பெரிய அழைப்பு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. மடவார் வளாகம் போகிற வழியில் ஒரு பால்கோவா கடை. மறுநாள் ஆடிப்பூரம். வாசலில் கூட்டம் நெருக்குகிறது, டோக்கன் நம்பர் காட்டும் டிவி கறுத்துக் கிடக்கிறது. பெட்டியைச் சமையல்கட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருக்க, வேலுச்சாமி மாஸ்டர் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நாலடி தள்ளி ஸ்டூலில் லேப்டாப்போடு நான்.

மூன்று பின்களில் ஒன்று எர்த். அதற்குக் கறுப்புக் கம்பி. மற்ற இரண்டில் ஒன்று பலகை பேசும் வாய், இன்னொன்று கேட்கும் காது. கேபிளிலும் அப்படித்தான். பச்சைக் கம்பி பேசும், வெள்ளைக் கம்பி கேட்கும். நான் பேசுவதைப் பேசுவதோடும் கேட்பதைக் கேட்பதோடும் சேர்த்துச் சொருகிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பில் ஒரு எழுத்து வரவில்லை. கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மாஸ்டர்தான், “என்னம்மா பாக்கீக?” என்று கேட்டார். வேறு யாரிடமும் புலம்ப வழியில்லாமல், இது இதன் வாய், இது என் வாய், இது இதன் காது, இது என் காது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை சொன்னார். நான் பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் சொருகினேன். வரிகள் கொட்டத் தொடங்கின. ‘மெமரி கார்டைக் காணவில்லை’ என்று பலகை முதல் நிமிஷத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. பால் ஆவி ஏறி ஏறிக் கார்டின் மேல் நெய்ப் பிசுக்குப் படிந்திருந்தது. ரப்பரால் தேய்த்துப் போட்டேன், டோக்கன் ஓடியது.

இன்றைக்கும் பலகை பேச மாட்டேன் என்கிறது என்று யாராவது போன் செய்தால், கம்பியை மாற்றிச் சொருகுங்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் வைத்தியம். அது என் மூளை என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. துடுப்பை நிறுத்தாமல், என்னைத் திரும்பியும் பார்க்காமல் மாஸ்டர் சொன்னதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்: “ரெண்டு பேரும் வாயவே நீட்டிக்கிட்டு இருந்தீகன்னா காத நீட்டுறது யாரும்மா?”

தளவாய்புரத்துச் சாட்சி

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்று. நடத்துகிறவர் சாகுல் பாய். எந்த அளவில் எத்தனை உருப்படி என்று காட்டும் திரை தினமும் மத்தியானம் செத்துப்போய், இரண்டு மணிக்குத் தானாக உயிர்த்தெழுகிறது என்றார். எனக்கு முன்பு பார்த்த மெக்கானிக், சூடு தாங்கவில்லை என்று சொல்லி ஒரு ஃபேன் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஃபேனும் மத்தியானம் பெட்டியோடு சேர்ந்து நின்றது. அதை யாரும் யோசிக்கவில்லை.

நான் கேபிளை மாட்டி, வரும் வரிகளையெல்லாம் லேப்டாப் நேரத்தோடு எழுதி வைக்கும்படி செய்துவிட்டு, பாய் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒன்று பத்துக்குப் பேச்சு பாதி வார்த்தையில் அறுந்திருந்தது. ஒன்று ஐம்பதுக்கு முதலிலிருந்து தொடங்கியிருந்தது. நோயில் சாகிற பலகை முனகிவிட்டுத்தான் சாகும். பாதி வார்த்தையில் நின்றால் யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த பிளக்குக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் பேச்சியம்மாளின் போன் மட்டும் அந்த நேரத்தில் நூறு சதம் சார்ஜோடு இருந்தது. நான் பாயிடம், இந்த வரிசைக்கு இன்னொரு பிளக் பாயின்ட் வேண்டும், பெண்கள் போன் போட இடமில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அன்றைக்கே போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது பேச்சியம்மாள் வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். நான் செருப்பை மாட்டும் வரை காத்து நின்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, நான் புடுங்குனது மட்டுந்தான் அந்த ஒயர்ல தெரியுமா, இல்ல போன்ல பேசுனதும் விழுந்திருக்குமா?”

ஆம் என்று சொல்ல ஆளில்லை

எங்கள் சபையில் பாட்டு வரிகள் காட்டும் திரை மூன்று ஞாயிறாக வரவில்லை. சொந்த ஆலயம் என்றால் மெக்கானிக்கை யாரும் கூப்பிட மாட்டார்கள், தானாக வருவாள் என்று இருப்பார்கள். நான்காவது ஞாயிறு, ஆராதனைக்கு அடிக்கும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில், பாடகர் குழுவின் பின் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து கேபிளைச் சொருகினேன். ஒரே ஒரு கேள்வியில் நின்றிருந்தது. ‘கோப்புகள் சிதறிக் கிடக்கின்றன, சரி செய்யட்டுமா, ஆம் அல்லது இல்லை?’ கீபோர்டு கிடையாது, திரையிலும் அந்தக் கேள்வி வராது. பாவம், இருட்டுக்குள் நின்றுகொண்டு மூன்று வாரமாக அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு எழுத்துத் தட்டினேன், இரண்டாம் மணிக்கு முன் முதல் பாட்டு திரையில் வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட போதகர் அங்கியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “ஆம்னு சொல்ல ஆளில்லாம மூணு வாரம் காத்துக் கெடந்துச்சா? நம்ம சபையில எத்தன பேரு அப்படி ஒக்காந்திருக்காகளோ.”

நான் வந்தால் ஓடும்

இப்போது மில்லுக்கு வருகிறேன்.

முப்பத்தாறு மெஷின், முப்பத்தாறு பெட்டி. எந்த மெஷினில் எத்தனை நூல் அறுந்தது, எவ்வளவு நூற்றது என்று அங்கேயே காட்டும், பேக்கிங் ஹாலில் இருக்கும் சில பெட்டிகள் எத்தனை மூட்டை கட்டியது என்று காட்டும். பலகை வாங்கி, புரோகிராம் எழுதி, டப்பாவில் துளை போட்டு, ஏணியில் ஏறி மாட்டியது வரை என் கை. மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் காளிமுத்தண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷ சர்வீஸ் அவருக்கு. மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். முதலில் என் பெட்டிகளைப் பொம்மையைப் பார்க்கிற மாதிரி பார்த்தவர், பிறகு அவரே வேலைக்காரர்களை அதைப் பார்த்துக் கேள்வி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். நாலு மாதம் ஒரு குறை இல்லை. வேறு மில்லிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நடையே மாறி நடந்தேன் என்று சித்தப்பா மகன் சொன்னான். உண்மைதான், நடந்தேன்.

ஆயுத பூஜை லீவு முடிந்து மில்லை ஓட்டிய அன்று ஆறு பெட்டி எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய்க் கேபிளைச் சொருகிக் கரண்ட்டைப் போட்டால், ஒவ்வொன்றும் சமர்த்தாக எழுந்தது. லேப்டாப்பில் ஒரு பிழை வரி இல்லை. சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் கரண்ட் போய் வந்ததும் ஒன்பது நின்றன. திரும்ப ஓடினேன், கேபிள் சொருகினேன், ஒன்பதும் எழுந்தன. அடுத்த நாள் பதினொன்று. பேக்கிங் ஹாலில் இருந்தவை ஒழுங்காக இருந்தன. நூல் அறாமலிருக்க எந்நேரமும் ஈரக் காற்று அடிக்கும் ஸ்பின்னிங் ஹாலில் மட்டும்தான் இந்தக் கூத்து. ஈரமோ என்று பார்த்தால், அதே ஈரத்தில்தான் நாலு மாதம் ஓடியிருக்கின்றன. அந்த ஹாலுக்கு வரும் லைனை மாற்றினேன். அடாப்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். புரோகிராமை முதலிலிருந்து படித்து, இல்லாத தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். பன்னிரண்டு நாள். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மானேஜர் கத்துகிற ஆளில்லை. வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ். இரண்டிலும் மெதுவாகத்தான் பேசுவார். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து இதே மாதிரி பெட்டி விற்கிற ஒரு கம்பெனிக்காரர் வருகிறார், அதற்குள் முப்பத்தாறும் நிற்காமல் எழுந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம் என்றார். நான் தலையாட்டினேன். வாசல் வரை போன என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “நீங்க வந்தா ஓடுது, போனா நிக்குது. பெட்டிய வச்சதுக்குப் பதிலா உங்கள மாதிரி முப்பத்தாறு பேர மெஷினுக்கு ஒருத்தரா நிறுத்தியிருக்கலாம்.”

மடியில் கிடந்த பச்சைக் கம்பி

புதன்கிழமை காலை. இருபத்திரண்டாம் மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். காளிமுத்தண்ணன் பக்கத்தில் நிற்கிறார். பன்னிரண்டு நாளில் சொருகிப் பிடுங்கிச் சொருகிப் பிடுங்கி, என் கேபிளின் பச்சைக் கம்பி முனையோடு அறுந்து மடியில் விழுந்தது. அழுகை வந்துவிட்டது. பற்றவைக்கக் கடைக்குத்தான் போக வேண்டும். போவதற்கு முன், இருக்கிற இரண்டு கம்பியோடு கேட்கவாவது கேட்போம் என்று கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் சொருகி, கரண்ட்டைப் போடச் சொன்னேன்.

எழுந்தவுடன் பலகை மூன்று எண்ணும். அந்த மூன்று நொடிக்குள் கேபிள் வழியாக யாராவது ஒரு எழுத்துத் தட்டினால், ரிப்பேர் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வேலைக்குப் போகாமல் கட்டளைக்குக் காத்து நிற்கும். யாரும் தட்டாவிட்டால் வேலைக்குப் போய்விடும். எல்லாப் பலகைக்கும் உள்ள வழக்கம் இது. அன்றைக்கு மூன்று என்று எண்ணியது. இரண்டு என்று எண்ணியது. யாரோ விரலை வைத்த மாதிரி அங்கேயே நின்றது. தட்டுகிற கம்பி என் மடியில் அறுந்து கிடக்கிறது. லேப்டாப் திரையில் பலகை தான் சொன்ன சொல்லையே தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு, ‘இது புரியவில்லை, இது புரியவில்லை’ என்று தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அதன் வாயிலிருந்து அதன் காதுக்கே ஏதோ கசிகிறது. பச்சைக் கம்பி சொருகியிருக்கும் வரை அந்தக் காது என் கேபிளை மட்டும் கேட்கும், கசிவு எடுபடாது. அதனால்தான் நான் வந்தால் ஓடியிருக்கிறது. போனில் டார்ச் அடித்து மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தேன். பின்களின் காலடியில் வெளுப்பாக ஒரு பொருக்கு. பஞ்சு மில்லில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கும், அதைப் பார்ப்பதையே நான் விட்டிருந்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்தேன். வாசனை எழுந்தது. சுத்தமான சந்தன வாசனை.

“அண்ணே, இதுக்குள்ள சந்தனம் வச்சது யாரு?” என்றேன். முப்பத்தாறு டப்பாவின் மூடியிலும் பொட்டு இருந்ததை முதல் நாளே பார்த்திருந்தேன். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆயுத பூஜைக்குப் பொட்டில்லாத மெஷின் உண்டா? ஆனால் மூடியைத் திறந்து உள்ளே வைத்ததை நான் கேட்டதில்லை. பன்னிரண்டு நாள் தூக்கமில்லாத கோபம் எல்லாம் தொண்டை வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே இறங்கிவிட்டது. பிள்ளைக்கு முடியெடுத்துக் காது குத்திவிட்டு வந்தவரைப் போல நிறைவாக நின்றுகொண்டு சொன்னார்: “நாந்தாம்மா. நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, வைக்கலாமா கூடாதான்னு செத்த நேரம் யோசிச்சேன். மூடி மேல வச்சா அது டப்பாவுக்குத்தான பூசை? நீங்க எப்ப வந்தாலும் அந்த மூணு ஊசியிலதான கை வைக்கீக. உசுரு அங்கதான் இருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் அங்கன பாத்து வச்சேன்.”

கேபிள் மேஜை மேல்

புதன் மீதிப் பொழுதும் வியாழனும் அவரும் நானும் முப்பத்தாறையும் திறந்தோம். நான் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன், அவர் டார்ச் பிடித்தார். ஈர ஹாலில் இருந்த சந்தனம் காய்ந்தும் காயாமலும் இருந்தது, பேக்கிங் ஹாலில் கல்லாகக் காய்ந்திருந்தது. காய்ந்த சந்தனத்தில் கசிவு இல்லை, அங்கே கோளாறு இல்லாததற்கு அதுதான் காரணம். தேய்த்த பின் ஒவ்வொரு பலகையின் மூன்று பின்களுக்கும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி போட்டேன். தொப்பி முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. திறந்த பின்னை அப்படியே விட்டது யார் என்று கேட்டால், பதில் எனக்குத் தெரியும். விஷயம் புரிந்ததிலிருந்து காளிமுத்தண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தார். வியாழன் சாயங்காலம், “என்னால ஒங்க பேரு கெட்டுச்சேம்மா” என்றார். என் பெட்டியை மெஷின் என்று நினைத்து ஒருவர் உள்வரை திறந்து பூசை வைத்திருக்கிறார், இதைவிட நல்ல பெயர் எனக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லத் தெரியாமல், டார்ச்சை இன்னும் கொஞ்சம் மேலே பிடியுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் பளபளப்பான புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் என் கேபிளை எடுத்து மானேஜர் மேஜையில் வைத்தேன். இது இங்கேயே இருக்கட்டும், நீங்களே வந்து லைனை அணைத்துப் போடுங்கள் என்றேன். என் பெட்டிகளுக்குத் தனி லைன், அணைத்தால் மெஷின் நிற்காது. எல்லோரும் ஸ்பின்னிங் ஹாலுக்குப் போனோம். மானேஜர் ஸ்விட்சை அணைத்தார். அந்த நீளமான ஹாலில் அத்தனை திரையும் ஒரே வீச்சில் கறுத்தன. வெறுங்கையை என்ன செய்வது என்று தெரியாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன். ஸ்விட்சைப் போட்டார். மூன்று, இரண்டு, ஒன்று என்று மனசுக்குள் எண்ணினேன். முதல் வரிசை வெளிச்சம் போட்டது. பிறகு அடுத்தது. கடைசி மெஷின் வரை, சாமி ஊர்வலத்துக்கு டியூப் லைட் எரிகிற மாதிரி, வரிசையாக எழுந்து நின்றன. மானேஜர் இன்னும் இரண்டு தடவை அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் எல்லாம் எழுந்தன, அதன்பின் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமையை மறைக்க நான் முயற்சி செய்யவே இல்லை.

அறைக்குத் திரும்பியதும், கோளாறு என்ன என்று கேட்டார். “பின்னுக்குத் தொப்பி போடாம விட்டது என் தப்பு, சார். ஈரம் பட்டு ரெண்டு பின்னும் ஒட்டிக்கிச்சு” என்றேன். உண்மைதான், முழு உண்மை இல்லை. கதவோரம் நின்றிருந்த காளிமுத்தண்ணன் முன்னால் வந்தார். “ஈரமில்ல சார், சந்தனம். நாந்தான் பூசைக்கு உள்ள வச்சேன்” என்றார். கோயம்புத்தூர்க்காரர் தன் புத்தகத்தை மெதுவாக மூடினார். மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கேபிளை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு காளிமுத்தண்ணனிடம் சொன்னார்: “ஏமய்யா காளிமுத்து, பூசையில ஒண்ணையும் விட்றாதீகன்னு நாந்தான் சொன்னேன். அதுக்குன்னு கொடல் வரைக்குமா போவீக? ரெண்டாவது யூனிட்டுக்கு அந்தம்மா போடுற பெட்டிக்கு நான் கூட நின்னு பாக்கேன்.”

ஸ்பேனருக்குப் பக்கத்தில்

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காளிமுத்தண்ணன் ஒரு வாரம் முன்பே போன் செய்துவிட்டார். பூசைக்கு வர வேண்டும், வந்து பொட்டு வைக்கும் இடத்தைக் காட்ட வேண்டும் என்றார். போய், இரண்டு யூனிட்டிலும் அத்தனை மூடியிலும் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு அவர் பின்னாலேயே வந்தார். வட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு போகவில்லை. தொப்பி போட்ட பிறகு எங்கே வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை, அவர் அவ்வளவு அக்கறையாக வைத்துக்கொண்டிருந்தார்.

மெயின்டனன்ஸ் ரூமில் சாமி படத்துக்கு முன் வாழையிலை விரித்து ஸ்பேனர், ஆயில் கேன், பேரிங் கழற்றும் புல்லர் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். அவர் என் பையைக் காட்டி, கேபிளை எடுங்கள் என்றார். வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்தால் இரவு ஜெபத்தில் என் பெயர் இரண்டு தடவை வரும் என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். பத்து வருஷமாக அதை எல்லோரும் ‘அந்த ஒயர்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சார்ஜர் என்று நினைத்து இரவல் கேட்டவர்களும் உண்டு. ஒரு மில்லின் ஆயுதங்களுக்கு நடுவில் அது சுருண்டு கிடந்ததைப் பார்த்தபோது, எனக்குக் கண் கலங்கியது, சாம்பிராணிப் புகை என்று சொல்லிக்கொண்டேன். காளிமுத்தண்ணன் விரலில் சந்தனத்தைத் தொட்டு, கம்பி முனைப் பக்கமே போகாமல், தடித்த ரப்பர் பாகத்தில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு கூட நின்றவர்களுக்குக் கேபிளைக் காட்டிச் சொன்னார்: “வெரல் தண்டிதான் இருக்கு. முப்பத்தாற எழுப்புனது இதுதாம்லே, அதான் பெரிய ஸ்பேனரத் தள்ளிவச்சு எடம் போட்டிருக்கேன்.”

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: ரிப்பேருக்குப் போனால் கேபிள், டார்ச், ஸ்பிரிட் மூன்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, போன வாரம் இங்கே என்ன விசேஷம் என்று கேட்ட பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.